ஆட்கொலையைச் சட்டம் வகைப்படுத்தும் விதம்: ஒரு வழக்கைப் படிப்படியாகப் பிரித்துப் பார்ப்பது எப்படி

ஒருவர் செய்த செயலால் இன்னொருவர் இறந்துபோனால், அது குற்றமே ஆகாத நிகழ்வாகவும் இருக்கலாம், ஆயுள் தண்டனைக்கோ மரண தண்டனைக்கோ உரிய கொலையாகவும் இருக்கலாம். இவ்விரண்டுக்கும் நடுவே சட்டம் பல படிகளை வைத்திருக்கிறது. எல்லாப் படிகளிலும் ஓர் உயிர் போயிருக்கிறது. படிகளைப் பிரிப்பவை செய்தவரின் மனநிலையும் செயல் நடந்த சூழலும்தான். ஒரு தீர்ப்பையோ குற்றப்பத்திரிகையையோ கையில் எடுத்தவுடன் ‘இது கொலையா, இல்லையா’ என்று கேட்டுத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் குழம்பிப்போகிறார்கள். அந்தக் கேள்வி முதலில் வர வேண்டியதன்று. அதற்கு முன்பே விடை கண்டாக வேண்டிய கேள்விகள் இருக்கின்றன.

இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 1976-இல் ஆந்திரப் பிரதேச அரசு எதிர் ராயவரபு புன்னையா வழக்கில் இந்த வரிசையைத் தெளிவாக வகுத்துக் கொடுத்தது. குற்றம் சாட்டப்பட்டவரின் செயல்தான் மரணத்தை விளைவித்ததா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஆம் எனில் அது ‘மரணம் விளைவிக்கும் குற்றம்’ என்ற வரையறைக்குள் வருகிறதா என்று அடுத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகே அது கொலை என்ற மேற்படிக்கு உயர்கிறதா என்றும், உயர்ந்தாலும் ஏதாவது விதிவிலக்கு அதைக் கீழே இறக்குகிறதா என்றும் ஆராய வேண்டும். மரணம் விளைவிக்கும் குற்றம் பேரினம், கொலை அதற்குள் அடங்கிய ஓரினம் என்பது அத்தீர்ப்பின் சாரம். சட்டப் பிரிவுகளின் எண்கள் நாட்டுக்கு நாடு மாறினாலும் இந்த வரிசை பெரும்பாலான நாடுகளின் சட்டத்துக்குப் பொருந்தும் என்பதால் இங்கும் அதையே பின்பற்றுகிறேன். மனிதர் மனிதரைக் கொல்வது எதுவாயினும் அதை ஆட்கொலை என்றும், அதில் மிகக் கடுமையான வகையை மட்டும் கொலை என்றும் குறிப்பிடுகிறேன்.

முதலில்: மரணத்துக்கு அந்தச் செயல்தான் காரணமா?

அடித்ததும் இறந்ததும் அடுத்தடுத்து நடந்தன என்பது மட்டும் போதாது. அடி இல்லாவிட்டால் அந்த மரணம் அப்போது நேர்ந்திருக்காது என்பது நிலைநாட்டப்பட வேண்டும். அடிபட்டவருக்கு ஏற்கெனவே நோய் இருந்தது, சரியான சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் ஆகிய வாதங்கள் நீதிமன்றங்களில் அடிக்கடி கேட்பவை, பெரும்பாலும் எடுபடாதவை. 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 299-ஆம் பிரிவிலேயே இதற்கான விளக்கங்கள் எழுதப்பட்டிருந்தன: நோயாளி ஒருவரின் மரணத்தை விரைவுபடுத்தினாலும் அது மரணத்தை விளைவித்ததாகவே கருதப்படும், தக்க சிகிச்சையால் தடுத்திருக்கக்கூடிய மரணமாக இருந்தாலும் காயத்தை ஏற்படுத்தியவர் பொறுப்பிலிருந்து விடுபட மாட்டார். இங்கிலாந்தில் 1975-இல் கத்தியால் குத்தப்பட்ட ஓர் இளம்பெண் தம் மத நம்பிக்கையின் காரணமாக இரத்தம் ஏற்றிக்கொள்ள மறுத்து இறந்தபோது, குத்தியவரே மரணத்துக்குப் பொறுப்பு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. தாக்குபவர் தம் எதிரில் இருப்பவரை அவருடைய உடல், நம்பிக்கை எல்லாவற்றோடும் சேர்த்தே ஏற்க வேண்டும் என்பது இதன் பொருள். சங்கிலி அறுந்துபோகும் நேரங்களும் உண்டு. 1956-இல் வேறொரு ஆங்கில வழக்கில், கத்திக்குத்துக் காயம் ஏறக்குறைய ஆறிவிட்ட நிலையில் முற்றிலும் தவறான சிகிச்சையால் நோயாளி இறந்தார் என்று தெரியவந்தபோது கொலைத் தண்டனை ரத்தானது.

பழைய ஆங்கிலச் சட்டத்தில் அடிபட்டவர் ஓராண்டும் ஒரு நாளும் கடந்து இறந்தால் அதை ஆட்கொலையாகக் கருத இயலாது. மருத்துவம் முன்னேறிய காலத்தில் பொருளற்றுப்போன இந்த விதியை இங்கிலாந்து 1996-இல்தான் நீக்கியது.

அடுத்து: சட்டம் அனுமதித்த மரணமா?

தற்காப்புரிமைக்குள் அடங்கும் செயல், உரிய கவனத்தோடு செய்த சட்டபூர்வமான செயலில் நேர்ந்த விபத்து, நீதிமன்ற ஆணையை நிறைவேற்றுதல், செய்வது இன்னதென்று அறியும் ஆற்றலே இல்லாத மனநலக் குறைபாடு ஆகியவை இங்கே வருகின்றன. இவற்றில் ஏதேனும் ஒன்று நிறுவப்பட்டால் மனநிலையை அளவிடும் வேலை அதோடு முடிந்துவிடும். ஆனால் ‘வேறு வழியில்லை’ என்பது மட்டும் இந்த வாசலைத் திறக்காது. 1884-இல் மிக்னொனெட் என்ற படகு மூழ்கி, உயிர்காப்புப் படகில் உணவும் நீருமின்றிப் பல நாள் மிதந்த மாலுமிகள், சாகும் நிலையில் இருந்த 17 வயதுச் சிறுவனைக் கொன்று உண்டு உயிர்பிழைத்தனர். அவசியம் என்பது கொலைக்கு எதிர்வாதம் ஆகாது என்று ஆங்கில நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பின்னர் அது ஆறு மாதச் சிறைத் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. வகைப்படுத்தலில் இரக்கம் காட்டாமல் தண்டனையில் மட்டும் காட்டிய அந்த முடிவு, சட்டம் இவ்விரண்டையும் எவ்வளவு தனித்தனியாக வைத்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

மனநிலையை அளவிடுவது

வழக்கின் முழுப் பாரமும் இங்கேதான் இறங்குகிறது. ஒருவர் உயரமான கட்டடத்தின் மேலிருந்து ஒரு கல்லைக் கீழே போடுகிறார், கீழே நின்றவர் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மனிதரைக் கொல்லவேண்டுமென்றே குறிபார்த்துப் போட்டிருந்தால் அது ஐயத்துக்கு இடமில்லாத கொலை. யாரையும் குறிவைக்கவில்லை, ஆனால் கீழே கூட்டம் நிறைந்திருப்பதும் கல் விழுந்தால் யாரோ ஒருவர் சாவது ஏறக்குறைய உறுதி என்பதும் தெரிந்தே, எந்த நியாயமும் இல்லாமல் போட்டிருந்தால் அதுவும் கொலையாகலாம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 300-ஆம் பிரிவு தரும் எடுத்துக்காட்டில், காரணமின்றிக் கூட்டத்தை நோக்கிப் பீரங்கியைச் சுடுபவர், குறிப்பிட்ட எவரையும் கொல்ல எண்ணாவிட்டாலும் கொலைக் குற்றவாளியாகிறார். நள்ளிரவு, யாரும் வர மாட்டார்கள் என்று தாமே முடிவுசெய்துகொண்டு எட்டிக்கூடப் பார்க்காமல் போட்டிருந்தால் அது அசட்டைத்தனத்தாலோ கவனக்குறைவாலோ மரணம் விளைவித்தல். தடுப்பு வேலி அமைத்து, எச்சரிக்கைப் பலகை வைத்து, நல்ல கயிற்றில் கட்டி இறக்கும்போது எவரும் எதிர்பாராத வகையில் கயிறு அறுந்திருந்தால் அது குற்றமே இல்லை. கல்லும் உயரமும் இறந்தவரும் மாறவில்லை. மாறியது மேலே நின்றவர் என்ன விரும்பினார், எதை அறிந்திருந்தார், எதை அறிந்திருக்க வேண்டியவர் என்பது மட்டுமே.

கொல்லும் நோக்கம் இருந்தால் சிக்கல் குறைவு. காயப்படுத்தும் நோக்கம் மட்டும் இருந்து மரணம் நேரும்போதுதான் நாடுகள் பிரிகின்றன. இங்கிலாந்தில் கடுமையான உடற்காயம் விளைவிக்கும் நோக்கமே கொலைக்குப் போதும். இந்தியாவிலும் அதே மூலச் சட்டத்தின் வழிவந்த மற்ற நாடுகளிலும் இன்னும் நுணுக்கமான கோடு கிழிக்கப்பட்டுள்ளது: உண்டாக்க எண்ணிய காயம் மரணம் விளைவிக்க ‘வாய்ப்புள்ளது’ என்றால் அது மரணம் விளைவிக்கும் குற்றம், இயற்கையின் வழக்கமான போக்கில் மரணம் விளைவிக்கப் ‘போதுமானது’ என்றால் அது கொலை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நிகழ்தகவின் அளவில்தான் இருக்கிறது. நேர்மையாகச் சொன்னால், ஒரே காயத்தைப் பார்த்து இரண்டு நீதிபதிகள் இரண்டு விடை சொல்ல இந்தக் கோடு இடம் தருகிறது.

அந்த இடத்தைச் சுருக்கியது விர்சா சிங் எதிர் பஞ்சாப் அரசு என்ற 1958-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஈட்டியால் ஒரே ஒரு குத்து. வயிற்றில் பட்டுக் குடல் வெளியே சரிந்தது. குத்துப்பட்டவர் மறுநாள் இறந்தார். ஒரே குத்து என்பதால் கொல்லும் நோக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பது எதிர்வாதம். நீதிபதி விவியன் போஸ் கேள்வியை வேறு விதமாகப் பிரித்தார். காயம் இருக்கிறதா, அதன் தன்மை என்ன, அந்தக் குறிப்பிட்ட காயத்தை ஏற்படுத்தும் நோக்கம் இருந்ததா அல்லது அது தற்செயலாகவோ வேறு இடத்தில் படவிருந்து தவறியோ பட்டதா என்பவற்றை முதலில் தீர்மானிக்க வேண்டும். அந்தக் காயம் சாவுக்குப் போதுமானதா என்பது அதன் பிறகு எழும் தனிக் கேள்வி; அதற்குக் குற்றம் சாட்டப்பட்டவரின் எண்ணத்தில் விடை தேட வேண்டியதில்லை, மருத்துவச் சான்று விடை சொல்லும். அந்த இடத்தில் அந்த ஆழத்துக்குக் குத்த எண்ணினார் என்றால், அது உயிரைப் பறிக்கும் என்று தாம் நினைக்கவில்லை என்று அவர் சொல்வது உதவாது. மேற்குறிப்பிட்ட புன்னையா வழக்கும் இதையே வேறொரு கோணத்தில் காட்டுகிறது. அங்கே கனத்த தடிகளால் முதியவரின் கைகால்களை மட்டுமே அடித்தார்கள். தலையிலோ நெஞ்சிலோ அடி விழவில்லை. ஆயினும் 19 காயங்களும் சேர்ந்து சாவுக்குப் போதுமானவையாக இருந்ததால் அது கொலை என்றே முடிவாயிற்று. உயிர்நிலைகளில் படவில்லை என்பது மட்டும் ஒருவரைக் காப்பாற்றாது.

நோக்கம் இல்லை, அறிவு மட்டும் உண்டு என்ற நிலையை இங்கிலாந்து வேறு வழியில் கையாள்கிறது. அப்போது அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை முன் 1998-இல் வந்த வழக்கில், ஆத்திரத்தில் தம் மூன்று மாதக் குழந்தையைத் தூக்கி எறிந்த தந்தை குழந்தை சாக வேண்டுமென்று விரும்பவில்லை. சாவோ கடுங்காயமோ ஏறக்குறைய உறுதி என்றும், அது அவருக்குத் தெரிந்திருந்தது என்றும் ஜூரிகள் கண்டால் மட்டுமே நோக்கம் இருந்ததாகக் கொள்ளலாம் என்று சபை கூறி, கொலைத் தீர்ப்பை அதற்குக் கீழ்ப்பட்ட ஆட்கொலையாக மாற்றியது.

எண்ணமும் செயலும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும் என்பது இந்தக் கட்டத்தில் பலர் தவறவிடும் நிபந்தனை. 1919-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்றில், மனைவியின் தலையில் கலப்பையின் கொழுவால் அடித்த கணவர், மயங்கி விழுந்தவர் இறந்துவிட்டார் என்று நம்பி, தற்கொலைபோலத் தோன்றுவதற்காக உத்தரத்தில் தூக்கு மாட்டினார். மரணம் அடியால் நேரவில்லை, கழுத்து நெரிந்ததால் நேர்ந்தது. அடித்தபோது கொல்லும் நோக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை. தூக்கிலிட்டபோதோ, அவர் எண்ணப்படி அது உயிரற்ற உடல். ஆகவே கொலையும் இல்லை, மரணம் விளைவிக்கும் குற்றமும் இல்லை, கொடுங்காயம் மட்டுமே என்றது நீதிமன்றம். பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட பிற நாடுகளின் மேல்முறையீடுகளை விசாரித்த இலண்டன் பிரிவி கவுன்சில் 1954-இல் ஏறக்குறைய இதே வடிவிலான வழக்கில் எதிர்மாறாகத் தீர்ப்பளித்தது: ஒருவரைக் கொல்லத் திட்டமிட்டு அடித்து, இறந்ததாக எண்ணி மலைச்சரிவில் உருட்டிவிட்டார்கள், அவர் அங்கே குளிரில் கிடந்து இறந்தார், அது கொலைதான். முதல் அடியிலேயே கொல்லும் திட்டம் இருந்ததால் அடித்ததும் உருட்டியதும் ஒரே செயலின் பகுதிகளாகக் கருதப்பட்டன. இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அவை முரண்படவில்லை என்பது தெரியும்.

ஆள் மாறிப்போவது மட்டும் குற்றத்தைக் குறைக்காது. 1912-இல் அதே சென்னை உயர் நீதிமன்றத்தில், ஆயுள் காப்பீட்டுப் பணத்துக்காக ஒருவருக்கு நஞ்சு கலந்த அல்வா கொடுக்கப்பட்ட வழக்கு வந்தது. அவர் சிறிது தின்றுவிட்டு மீதியை எறிந்தார். அதை எடுத்துத் தின்ற சிறுமி இறந்தாள், அவரோ பிழைத்துக்கொண்டார். சிறுமியைக் கொல்லும் எண்ணம் துளியும் இல்லை என்றாலும் அது கொலையே.

வேறொரு குற்றம் செய்யும்போது நேரும் மரணம்

அமெரிக்காவின் பல மாநிலங்களில் கொள்ளை, தீவைப்பு போன்ற பெருங்குற்றத்தின்போது யாரேனும் இறந்தால், கொல்லும் எண்ணம் இல்லாவிட்டாலும் அது கொலையாகும். இங்கிலாந்து இதே கருத்தை 1957-இல் கைவிட்டது. இந்திய தண்டனைச் சட்டத்தை எழுதியவர்களோ தொடக்கத்திலேயே இதற்கு இடம் தரவில்லை: திருடும் எண்ணத்தோடு ஒரு கோழியைச் சுடுபவர், புதருக்குப் பின்னால் இருப்பது தெரியாத ஒருவரைக் கொன்றுவிட்டால், அது மரணம் விளைவிக்கும் குற்றமாகாது என்று 299-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு சொல்கிறது. திருடனுக்குத் திருட்டுக்கான தண்டனை. எண்ணாத, அறியாத சாவுக்குக் கொலைத் தண்டனை இல்லை. அமெரிக்க அணுகுமுறையைவிட இதுவே எனக்கு நியாயமாகப் படுகிறது.

அமெரிக்கா சேர்த்த இன்னொன்று கொலையையே தரங்களாகப் பிரிப்பது. 1794-இல் பென்சில்வேனியா, முன்யோசனையோடு செய்வதையும் நஞ்சிட்டோ பதுங்கியிருந்தோ கொல்வதையும் முதல் தரமாக்கி, மரண தண்டனையை அதற்கு மட்டும் ஒதுக்கியது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. ஜெர்மனி வேறு அளவுகோலைக் கையாள்கிறது. பேராசை, இழிந்த உள்நோக்கம், எதிர்பாராதவரை வஞ்சகமாகத் தாக்குதல் போன்ற அடையாளங்கள் இருந்தால் தண்டனைச் சட்டத்தின் 211-ஆம் பிரிவின்படி கொலை, ஆயுள் தண்டனை. அவை இல்லாமல் வேண்டுமென்றே கொன்றால் 212-ஆம் பிரிவு, பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத சிறை. ஆங்கில வழிச் சட்டங்களில் ஏன் கொன்றார் என்பது சான்றாக மட்டுமே பயன்படும், ஜெர்மனியில் அதுவே குற்றத்தின் பெயரைத் தீர்மானிக்கக்கூடும். ஆகவே ஒரு நாட்டுத் தீர்ப்பைப் படித்த பழக்கத்தோடு இன்னொரு நாட்டுச் செய்தியைப் படிக்கக் கூடாது.

கொலையைக் கீழே இறக்கும் விதிவிலக்குகள்

நோக்கம் மெய்ப்பிக்கப்பட்ட பிறகும் சட்டம் ஒரு படி இறங்கி வரும் சூழல்கள் இவை. இந்தியச் சட்டத்தில் ஐந்து உண்டு: கடுமையான திடீர் ஆத்திரமூட்டல், தற்காப்புரிமையில் நல்லெண்ணத்தோடு வரம்பு மீறுதல், பொது ஊழியர் தம் அதிகார வரம்பை அவ்வாறே மீறுதல், முன்திட்டமின்றி மூண்ட திடீர்ச் சண்டை, 18 வயது கடந்தவரின் இசைவு. முதலாவதில் ‘கடுமையான’, ‘திடீர்’ என்ற இரண்டும் ஒருங்கே இருக்க வேண்டும். கடற்படை அதிகாரி நானாவதி தம் மனைவியின் காதலரைச் சுட்ட வழக்கில், 1961-இல் உச்ச நீதிமன்றம் கடிகாரத்தைப் பார்த்தது. மனைவி உண்மையைச் சொன்ன பிறகு அவர் குடும்பத்தைத் திரையரங்கில் விட்டார், கப்பலுக்குச் சென்று துப்பாக்கியும் தோட்டாக்களும் வாங்கினார், பிறகுதான் அந்த வீட்டுக்குப் போனார். பகல் ஒன்றரை மணிக்கும் நான்கு இருபதுக்கும் இடையே மனம் ஆறப் போதிய நேரம் இருந்தது என்பதால் விதிவிலக்கு மறுக்கப்பட்டது. இங்கிலாந்து 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘திடீர்’ என்ற நிபந்தனையையே நீக்கி, கட்டுப்பாடு இழத்தல் என்ற புதிய வடிவைக் கொண்டுவந்தது. மனநலக் குறைபாட்டால் பொறுப்புணர்வு குன்றிய நிலை என்ற விதிவிலக்கு 1957 முதல் அங்கே உண்டு. சிங்கப்பூரும் அதை ஏற்றுள்ளது. இந்தியச் சட்டத்தில் அது இல்லை.

கவனக்குறைவும் அதற்கு மேலும்

நோக்கமும் இல்லை, சாவு நேரக்கூடும் என்ற அறிவும் இல்லை என்றால் மிஞ்சுவது இதுதான். சாதாரணக் கவனக்குறைவு இழப்பீட்டு வழக்கோடு முடியலாம். குற்றமாவதற்கு அது மிகப் பெரிதாக இருக்க வேண்டும். 1994-இல் பிரபுக்கள் சபை, அறுவை சிகிச்சையின்போது மூச்சுக்குழாய் கழன்றதைக் கவனிக்காத மயக்க மருத்துவரின் வழக்கில் இதை உறுதிசெய்தது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் மருத்துவர்களுக்கு இதே அளவுகோலை வைத்தது. வாகன விபத்துகள் எல்லாம் இந்தப் பெட்டிக்குள்தான் என்று எண்ணிவிடக் கூடாது. மும்பையில் 2006-இல் மது அருந்திவிட்டுக் காரோட்டி, நடைபாதையில் உறங்கிய 7 பேரின் சாவுக்குக் காரணமானவரின் செயலை, சாவு நேரக்கூடும் என்று அறிந்து செய்ததாகவே 2012-இல் உச்ச நீதிமன்றம் கொண்டது.

வழக்கைப் படிக்கும்போது

மனநிலையை யாரும் நேரில் பார்ப்பதில்லை. அது வெளியில் தெரிபவற்றிலிருந்து ஊகிக்கப்படுகிறது. ஆகவே தீர்ப்பைப் படிக்கும்போது சிலவற்றைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்: ஆயுதம் எது, அதைக் கையோடு கொண்டுவந்தாரா அல்லது அங்கே கிடந்ததை எடுத்தாரா, உடலின் எந்த இடத்தில் எத்தனை முறை எவ்வளவு வலுவோடு அடித்தார், விழுந்த பிறகும் அடித்தாரா, முன்பகை இருந்ததா, மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றாரா, தப்பி ஓடினாரா. பிரேதப் பரிசோதனைச் சான்றிதழில் மரணத்தின் காரணத்தோடு நின்றுவிடாமல், காயம் இயற்கையான போக்கில் சாவுக்குப் போதுமானது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். கீழ்க்கோர்ட்டில் கொலை என்றானது மேல்முறையீட்டில் இறங்குவது பல சமயம் அந்த ஒரு வரி இல்லாததால்தான்.

இந்திய வழக்கானால், குற்றம் நடந்த தேதியையும் உடனே குறியுங்கள். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்கு, வழக்கு இன்று நடந்தாலும், பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். அதன்பின் நடந்தவற்றுக்கு அதன் இடத்தில் வந்த புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா: மரணம் விளைவிக்கும் குற்றத்தின் வரையறை 299-லிருந்து 100-க்கும், கொலையின் வரையறை 300-லிருந்து 101-க்கும், கொலைக்கான தண்டனை 302-லிருந்து 103-க்கும், கொலையாகாத வகைக்கான தண்டனை 304-லிருந்து 105-க்கும், கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் 304ஏ-யிலிருந்து 106-க்கும் மாறியிருக்கின்றன. எண்கள் மாறினாலும் வரையறைகளின் சாரம் பெரும்பாலும் அப்படியே இருப்பதால் 1958-ஆம் ஆண்டுத் தீர்ப்பை இன்றும் மேற்கோள் காட்டலாம். தண்டனையில் மாற்றம் உண்டு: கவனக்குறைவுக்கு முன்பு இரண்டு ஆண்டுகளாக இருந்த உச்ச அளவு இப்போது ஐந்து ஆண்டுகள், பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது இழைத்தால் மட்டும் இரண்டு; ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடிச் சாதி, இனம், மொழி போன்ற காரணங்களுக்காகக் கொல்வது 103-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் தனியே வைக்கப்பட்டிருக்கிறது.